மேல்வீட்டுத் தண்ணீர் இறங்கிய பிறகு வந்த அறிக்கை: அந்தச் சொற்களை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. எல்லோரும் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் மேல்மாடிக் குளியலறையில் குழாய் உடைந்து, தண்ணீர் ஸ்லாப் வழியாக இறங்கி, நடு அறையையும் பேன்ட்ரியையும் நனைத்துவிட்டது. நான்கைந்து நாள் கழித்துத்தான் கதவைத் திறந்திருக்கிறீர்கள். பார்க்க வந்த துப்புரவு நிறுவனம் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும் கொட்டேஷனும் தந்திருக்கிறது. ‘கேட்டகரி 2’, ‘கிளாஸ் 4’, ‘கண்டிஷன் 3’, ‘கன்டெயின்மென்ட்’, ‘ஹெப்பா’, ‘ட்ரை ஸ்டாண்டர்ட்’, ‘ஃபொகிங்’ என்று சொற்கள் வரிசையாக வருகின்றன. இதில் எது அவசியம், எதை விட்டுவிடலாம், காப்புறுதிக்கு எது உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொழும்பில் ஈரம் ஏறிய கட்டடங்களைப் பார்த்து மதிப்பிடுவது என் தொழில். அந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது ‘ட்ரை ஸ்டாண்டர்ட்’ என்ற சொல். சுவர் காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தடவிச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும். அந்த அளவு இல்லாமல் மற்ற எல்லா வேலையும் செய்தாலும், மூன்று மாதத்தில் பெயின்ட் கொப்பளித்து, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் மறுபடி வரும். அதற்குத் திரும்பவும் பணம் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் மற்றவற்றைப் பார்த்துவிடுவோம்.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமெரிக்க அமைப்பின் இரண்டு நியமங்களிலிருந்து வருபவை. எஸ்500 தண்ணீர்ச் சேதத்துக்கு. முதலில் 1994 இல் வெளியானது. எஸ்520 பூஞ்சணத்துக்கு, 2003 இல் வந்தது. இரண்டும் பலமுறை திருத்தப்பட்டிருக்கின்றன. இலங்கையில் இவை சட்டமில்லை, தொழில் வழக்கம் என்ற அளவில்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இவை எழுதப்பட்ட ஊரில் வீடு என்றால் பெரும்பாலும் மரச்சட்டம், அதன்மேல் ஜிப்சம் பலகை, உள்ளே பஞ்சு, தரையில் கார்பெட். நனைந்தால் சுவரின் கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பலகை அடிக்கலாம். நம்முடையது செங்கல், சீமெந்துக்கல், பூச்சு, கொங்கிரீட், டைல்ஸ். இதை வெட்டி எறிய முடியாது, காய வைத்தே ஆக வேண்டும். அறிக்கையைப் படிக்கும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

‘கேட்டகரி’ என்பது தண்ணீரின் அழுக்கைச் சொல்கிறது. எவ்வளவு தண்ணீர் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலாம் வகை, குழாயில் வரும் சுத்தமான தண்ணீர். இரண்டாம் வகை, குடித்தாலோ மேலில் பட்டாலோ ஒருவருக்குச் சுகமில்லாமல் போகக்கூடிய அளவுக்கு மாசடைந்தது. வாஷிங் மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் நல்ல உதாரணம். மூன்றாம் வகை, கடுமையாக மாசடைந்தது: மலசலகூடக் கழிவு, வடிகான் பொங்கி வந்த தண்ணீர், ஆற்று வெள்ளம், கடல் நீர்.

இதில் பலர் தவறவிடும் விஷயம், தண்ணீர் ஒரே வகையில் நிற்பதில்லை என்பது. குழாய் உடைந்த இடத்தில் அது முதலாம் வகைதான். பிறகு மேல்வீட்டு டைல்ஸுக்கு அடியில் இருக்கும் பழைய மணல், ஸ்லாப் வெடிப்பு, உங்கள் சீலிங்கின் மேல் பல வருடமாகப் படிந்த தூசி எல்லாவற்றையும் கடந்து வருகிறது. அப்புறம் பூட்டிய வீட்டில், 30 பாகை செல்சியஸ் சூட்டில் நாட்கணக்கில் கிடக்கிறது. ஆகவே உங்கள் அறிக்கையில் ‘கேட்டகரி 2’ என்று போட்டிருப்பது நியாயமானதுதான், உடைந்தது தண்ணீர் வரும் குழாயாக இருந்தால். உடைந்தது கொமோட்டின் கழிவுக் குழாய் என்றால் அது மூன்று. அப்போது வேலையே மாறும்: நனைந்த மெத்தை, சோபா, கார்பெட், சிப்போர்ட் எதையும் காப்பாற்றப் பார்க்கக் கூடாது, எறிந்துவிட வேண்டும். அதனால் மேல்வீட்டுக்கு வந்த பிளம்பரிடம் எந்தக் குழாய் உடைந்தது என்று கேட்டு, உடைந்த துண்டின் படத்தோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை எழுதியவர் இதைக் கேட்காமலே வகையைத் தீர்மானித்திருந்தால், எதை வைத்து அப்படி எழுதினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாம் வகைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதைக் கொழும்பின் கிழக்குப் பக்கத்து மக்கள் நன்றாக அறிவார்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மறுபடியும் அதே பகுதிகள் மூழ்கின. 2016 வெள்ளம் வடிந்த பிறகு வெல்லம்பிட்டியில் நான் பார்த்த ஒரு சமையலறை இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கார அம்மா பேன்ட்ரி அலுமாரிக் கதவுகளைச் சோப்புப் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். தரை டெட்டோல் மணத்தது. அலுமாரியின் அடியில், கால்களை மறைக்கும் அந்த ஒரு சாண் பலகையைக் கழற்றினோம். பின்னால் விரல் தடிப்புக்குச் சேறு, இன்னும் ஈரமாக. சிப்போர்ட் கால்கள் ஊதி, மேலே ஒட்டியிருந்த தகடு உரிந்து தொங்கியது. சுவரில் சேறு நின்ற கோட்டுக்கு மேலேயும் ஒன்றரை அடிக்கு ஈரம் ஏறியிருந்தது. இப்படிச் சுவர் தண்ணீரை மேலே உறிஞ்சுவதை ‘விக்கிங்’ என்று எழுதுவார்கள். வெள்ளக் கோட்டை மட்டும் பார்த்துச் சேதத்தை அளக்கக் கூடாது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

வெள்ள வீட்டில் வெறுங்காலோடு, வெறுங்கையோடு வேலை செய்வதை யாரும் அனுமதிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் இப்படித்தான் வருகிறது: எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் ஒரு சின்னக் கீறல். வெள்ளம் வந்த பகுதிகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பி.எச்.ஐ. ஐயாவிடமோ தடுப்பு மருந்து பற்றிக் கேட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவது நல்லது. உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் சிலருக்குப் பொருந்தும்.

அடுத்தது ‘கிளாஸ்’. இது, காய வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்கிறது. ஒன்று முதல் மூன்று வரை, அறையில் எவ்வளவு பரப்பு தண்ணீர் குடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறிக்கொண்டு போகும். நான்காவது தனி ரகம்: கொங்கிரீட், தடித்த பூச்சு, செங்கல், கடின மரம் போன்ற, தண்ணீரை உள்ளே ஆழமாகப் பிடித்துவைத்து மெதுவாக விடும் பொருட்கள். அமெரிக்காவில் இது சில வீடுகளுக்கு வரும் விசேஷ நிலை. கொழும்பில் ஸ்லாப் வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஏறத்தாழ எல்லாமே கிளாஸ் 4 தான். ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே நேரம், கிளாஸ் 4 என்று எழுதிவிட்டு மூன்று நாளில் காய வைத்துத் தருகிறோம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். இந்த ரகப் பொருளுக்கு வாரக்கணக்கு ஆகும். ஆறு அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் பூச்சோடு ஊறியிருந்தால் அதற்கும் மேல்.

சரி, எப்படிக் காய வைப்பது? இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் நமக்கு எதிராக வேலை செய்கிறது. யன்னலைத் திற, காற்று வரட்டும் என்போம். மழை நாளில் கொடியில் போட்ட துணி காயாத அதே காரணத்தால், கொழும்புக் காற்றில் திறந்து போட்ட சுவரும் காயாது. வெளியே 30 பாகை, சாரீரப்பதன் 80 சதவீதம் என்று வையுங்கள். நமக்கு இது சாதாரண நாள். அந்தக் காற்றில் ஒரு கன மீற்றருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அறையை மூடி, ஏசியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் போட்டு 24 பாகை, 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அதே கன மீற்றரில் சுமார் 11 கிராம்தான். சுவர் எந்தக் காற்றுக்குத் தன் ஈரத்தைக் கொடுக்கும் என்பது இதிலிருந்தே தெரியும். அறிக்கையில் ‘ஜி.பி.பி.’ என்று ஓர் எண் இருந்தால் அதுவும் இதே கணக்குத்தான், அமெரிக்க அலகில்: ஓர் இறாத்தல் காற்றில் எத்தனை கிரெய்ன் நீராவி. ஒரு கிலோ காற்றுக்கு ஒரு கிராம் என்றால் 7 ஜி.பி.பி. மேலே சொன்ன வெளிக்காற்று 150 க்குப் பக்கத்தில் வரும். மெஷின் ஓடும் அறையில் அந்த எண் நாளுக்கு நாள் இறங்க வேண்டும், மெஷினிலிருந்து வெளியே வரும் காற்றில் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எங்கிருந்தோ வெளிக்காற்று உள்ளே வருகிறது, அல்லது கசிவு இன்னும் நிற்கவில்லை.

இதே இடத்தில் ‘டியூ பொயின்ட்’ என்ற சொல்லும் வரும். பள்ளிக்கூடத்தில் பனிபடுநிலை என்று படித்தது. மேலே சொன்ன 30 பாகை, 80 சதவீதக் காற்றுக்கு அது சுமார் 26 பாகை. பகல் முழுக்க ஏசி போட்டு 23 பாகைக்குக் குளிர்ந்த சுவர் உள்ள அறையில் இரவு யன்னலைத் திறந்தால், உள்ளே வரும் காற்று அந்தச் சுவரில் வேர்க்கும். பகலில் காய வைத்ததை இரவில் நனைத்ததாக முடியும். காய வைக்கும் நாட்களில் யன்னலும் கதவும் மூடியே இருக்க வேண்டும் என்று வேலைக்காரர் சொன்னால் அவர் விஷயம் தெரிந்தவர்.

ஈரம் உறிஞ்சும் மெஷினில் இரண்டு வகை எழுதப்பட்டிருக்கலாம். ‘ரெஃப்ரிஜரண்ட்’ என்பது ஏசி போலக் குளிர்ந்த சுருளில் நீராவியைத் தண்ணீராக்கிப் பிடிப்பது. ‘டெசிகண்ட்’ என்பது ஈரத்தை ஈர்க்கும் பொருள் பூசிய சக்கரத்தால் உறிஞ்சுவது. நம் சூட்டுக்கும் ஈரலிப்புக்கும் முதலாவது பெரும்பாலும் போதும். இரண்டாவது குளிர் நாடுகளில்தான் கூடுதலாகக் கைகொடுக்கும், வாடகையும் அதிகம். மெஷினில் ‘நாளுக்கு 50 லீற்றர்’ என்று போட்டிருந்தால், பல கம்பனிகள் அதை 30 பாகை, 80 சதவீதத்தில் அளந்துதான் எழுதுகின்றன. அறை காயக் காய அது பிடிக்கும் தண்ணீர் பாதிக்கும் கீழே போகும். தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்துச் சுவர் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்து மெஷினை எடுத்துப் போகக் கூடாது.

‘எயார் மூவர்’ என்பது தரையோடு ஒட்டிக் காற்றை அடிக்கும் பலமான ஃபேன். ஈரமான பரப்பின் மேல் தேங்கி நிற்கும் ஈரக் காற்றை விலக்குவது அதன் வேலை. ஒரு கண்டிப்பு: பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலோ, கழிவுத் தண்ணீர் நின்ற, இன்னும் சுத்தம் செய்யாத இடத்திலோ எந்த ஃபேனையும் திருப்பாதீர்கள். வீட்டு மேசை ஃபேனும் கூடாது. ஓர் அறையில் இருந்தது வீடு முழுக்கப் போய்விடும். அறிக்கையில் ‘குரொஸ் கன்டாமினேஷன்’ என்று வருவது இதைத்தான்.

இப்போது ‘ட்ரை ஸ்டாண்டர்ட்’. தண்ணீர் படாத, அதே மாதிரிப் பொருள் எவ்வளவு ஈரத்தில் இருக்கிறது என்று அளந்து, நனைந்த பகுதியையும் அந்த அளவுக்குக் கொண்டுவருவது. அவ்வளவுதான். கேட்கச் சின்ன விஷயம். செய்பவர்கள் குறைவு.

அளக்கும் கருவியில் இரண்டு ஊசி உள்ள வகையும், பரப்பின் மேல் வைத்துப் பார்க்கும் வகையும் உண்டு. ஊசி வகை மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்கிறது, அதன் எண்கள் மரத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. மரக் கதவு நிலையில் குத்தினால் வரும் சதவீதம் ஓரளவு உண்மையான சதவீதம். சீமெந்துப் பூச்சில் குத்தினால் வரும் எண் ஒப்பிடுவதற்கு மட்டுமே. அதைச் சுவரில் இத்தனை சதவீதம் தண்ணீர் என்று படிக்கக் கூடாது. அதோடு, உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும், கருவி கூடுதலாகக் காட்டும். கடலோரம், அல்லது பழைய ஈரம் ஏறி இறங்கிய சுவர் என்றால் இது நடக்கும். அதனால்தான் ஒப்பிட ஒரு நனையாத சுவர் தேவை. உங்கள் வீட்டில் நடு அறைச் சுவரை, தண்ணீர் போகாத படுக்கையறையின் அதே மாதிரிச் சுவரோடு ஒப்பிடலாம். இரண்டிலும் ஒரே கருவி, ஒரே உயரம். படுக்கையறையில் 14, நடு அறையில் 38 என்று வந்தால் வேலை முடிய நிறைய இருக்கிறது. 15, 16 க்கு வந்து இரண்டு மூன்று நாள் அங்கேயே நின்றால் பெயின்ட் பாஸைக் கூப்பிடலாம். நல்ல வேலைக்காரர் சுவரில் பென்சிலால் இடம் குறித்து, ஒவ்வொரு நாளும் அதே புள்ளியில் அளந்து ஒரு தாளில் எழுதிவைப்பார். அந்தத் தாளுக்குப் பெயர் ‘ட்ரையிங் லொக்’. பணம் கொடுக்கும் முன் அதைக் கேளுங்கள்.

மரத்துக்கு ஒரு சிறு எச்சரிக்கை. குளிர்நாட்டு அறிக்கைகளைப் பார்த்து 8, 10 சதவீதம் வர வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஏசி இல்லாத கொழும்பு அறையில் நல்ல காய்ந்த தேக்கே 15, 16 சதவீதத்தில்தான் நிற்கும், ஏனென்றால் சுற்றியிருக்கும் காற்று அப்படி. அதற்குக் கீழே இழுத்தால் கதவு வெடிக்கலாம், பிறகு காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யும்.

‘தேர்மல்’ கமராப் படங்கள் அறிக்கையில் இருந்தால், அதில் நீலமாகத் தெரிவது குளிர்ச்சி. ஈரம் ஆவியாகும் இடம் குளிரும் என்பதால் அது ஒரு நல்ல குறிப்பு. ஆனால் ஏசி காற்றுப் படும் இடமும் நீலமாகத் தெரியும். படத்தோடு கருவி அளவும் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

கருவி இல்லாதவர்கள் செய்யக்கூடிய ஒன்று: ஓர் அடிச் சதுர பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவரோடு ஒட்டிய உள்பக்கம் துளி துளியாக வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். இது கருவிக்கு ஈடாகாது, ஆனால் பெயின்ட் அடிக்க அவசரப்படுபவரை நிறுத்த இது போதும்.

பூஞ்சணத்துக்கு வருவோம். ‘கண்டிஷன்’ ஒன்று என்றால் எந்த வீட்டிலும் இருக்கும் சாதாரண அளவு. பூஞ்சணமே இல்லாத வீடு கிடையாது. இரண்டு என்றால் வேறெங்கோ வளர்ந்ததன் வித்திகள் வந்து படிந்திருக்கின்றன, இங்கே வளரவில்லை. மூன்று என்றால் இந்த இடத்திலேயே வளர்ந்திருக்கிறது. நனைந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்தால் பெரும்பாலும் வளராது என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்லும் கணக்கு. உங்கள் வீடு நான்கைந்து நாள் மூடிக் கிடந்ததால் மூன்று என்று எழுதியிருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் வீடு முழுவதற்குமா, எந்த அறைக்கா என்று பாருங்கள். பேன்ட்ரி கண்டிஷன் 3, படுக்கையறை கண்டிஷன் 1 என்று அறை அறையாக எழுதுவதுதான் முறை. மொத்த வீட்டுக்கும் ஒரே எண் போட்டால் மொத்த வீட்டுக்கும் விலை போடுவார்கள்.

சுவரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் பூத்திருப்பது எல்லாம் பூஞ்சணமில்லை. சீமெந்திலும் செங்கல்லிலும் உள்ள உப்பு, தண்ணீரோடு வெளியே வந்து காய்ந்து நிற்பதும் அப்படியே இருக்கும். அறிக்கையில் ‘எஃப்ளோரசன்ஸ்’ என்று வரும். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், கரைந்தால் உப்பு. அது உடம்புக்குக் கெடுதியில்லை, ஈரம் சுவர் வழியாக நடமாடுகிறது என்பதற்கு அடையாளம் மட்டும். தூரிகையால் காய்ந்தபடியே தட்டி எடுத்துவிட்டு, ஈரத்தின் வழியைத் தேட வேண்டும்.

‘பிளாக் மோல்ட்’ என்ற சொல்லைப் பார்த்து வீட்டில் குழந்தைகளை வைத்திருப்பவர்கள் நடுங்கிப் போகிறார்கள். கறுப்பு நிறம் எந்த இனம் என்பதைச் சொல்வதில்லை. கறுப்பாக வளரும் இனங்கள் பல உண்டு. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டும், அகற்றும் முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்துக்கு ஆய்வுகூடப் பரிசோதனை என்று கொட்டேஷனில் பெரிய தொகை இருந்தால், அந்தப் பணத்தைக் காய வைக்கும் நாட்களுக்குச் செலவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ, கீமோ எடுப்பவரோ, கைக்குழந்தையோ இருந்தால் வேலை முடியும் வரை அவர்களை உறவினர் வீட்டில் வைப்பது பரிசோதனையைவிட நல்ல பாதுகாப்பு.

‘ரிமீடியேஷன்’ என்றால் பூஞ்சணத்தை அகற்றி, அது வளரக் காரணமான ஈரத்தையும் நிறுத்துவது. குளோரின் தெளித்துக் கொல்வது அதற்கு ஈடாகாது. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைக் கிளப்பும். பூச்சு மாதிரி நுண்துளை உள்ள பரப்பில் குளோரின் மேலே நிற்கும், அதோடு தெளிக்கும் தண்ணீர்தான் உள்ளே போகும். டைல்ஸ், கண்ணாடி மாதிரி வழுவழுப்பான பரப்பைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவித் துடைத்தாலே போதும். குளோரினையும் பாத்ரூம் கழுவும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்; வரும் வாயு நுரையீரலைக் கருக்கிவிடும்.

அகற்றும்போது தூசி பறக்கும். அதற்குத்தான் ‘கன்டெயின்மென்ட்’: தடித்த பொலித்தீனால் அந்த இடத்தை மறைத்து அடைப்பது. ‘நெகட்டிவ் பிரஷர்’ என்றால் அடைத்த இடத்துக் காற்றை ஒரு மெஷினால் வெளியே இழுத்து, உள்ளே அமுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பது. சுமார் 5 பஸ்கால் வித்தியாசம் போதும். அப்போது காற்று வீட்டிலிருந்து உள்ளே போகுமே தவிர உள்ளிருந்து வீட்டுக்கு வராது. பொலித்தீன் திரை உள்பக்கமாக உப்பிக்கொண்டு நிற்கும், பார்த்தாலே தெரியும். தளர்ந்து தொங்கினால் மெஷின் ஓடவில்லை, அல்லது எங்கோ பிரிந்திருக்கிறது. ‘ஹெப்பா’ என்பது 0.3 மைக்ரோன் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி. பூஞ்சண வித்திகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. சாதாரண வக்கியூம் அவற்றைப் பின்பக்கத்தால் வெளியே ஊதிவிடும். உங்கள் பேன்ட்ரிக்கு இவை மூன்றும் தேவை, அவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

‘சனிட்டைஸ்’, ‘டிஸ்இன்ஃபெக்ட்’, ‘ஸ்டெரிலைஸ்’ மூன்றையும் கொட்டேஷன்களில் மாறி மாறிப் போடுவார்கள். முதலாவது கிருமியைக் குறைப்பது. இரண்டாவது, லேபலில் சொன்ன கிருமிகளைக் கடினப் பரப்பில் கொல்வது. மூன்றாவது வித்திகள் உட்பட ஒன்றையும் விடாமல் கொல்வது. அது சத்திரசிகிச்சைக் கருவிக்குச் செய்வது, ஒரு வீட்டை அப்படிச் செய்ய முடியாது. செய்து தருகிறோம் என்று எழுதியிருந்தால் அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். தொற்றுநீக்கி எதுவானாலும் அழுக்கு நீக்கிய பரப்பில்தான் வேலை செய்யும், அதுவும் லேபலில் சொன்ன நிமிடங்கள் ஈரமாக நின்றால்தான். பூசிய கையோடு துடைத்தால் பிரயோசனமில்லை. புகை மாதிரி மருந்து அடிக்கும் ‘ஃபொகிங்’, நாற்றம் போக ‘ஓசோன்’ இரண்டும் அகற்றும் வேலைக்குப் பதிலாக வந்தால் ஏற்காதீர்கள். ஓசோன் ஆட்கள் இருக்கும் வீட்டில் போடவே கூடாதது, சுவாசப்பையைத் தாக்கும்.

காப்புறுதிக்கு வந்தால், ‘மிட்டிகேஷன்’ என்ற சொல் உங்களைப் பாதுகாக்கும். சேதம் பெருகாமல் உடனே எடுத்த நடவடிக்கை: தண்ணீரை அடைத்தது, தரையைத் துடைத்தது, மெஷின் போட்டது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது உங்கள் கடமை; செய்யாவிட்டால் பிறகு ஏற்பட்ட சேதத்துக்குத் தர மறுக்கலாம். ‘ரெஸ்டொரேஷன்’ அதற்கு அப்புறம் வரும் பழுதுபார்ப்பு, பெயின்ட், அலுமாரி. இரண்டுக்கும் தனித்தனி பில் வாங்குங்கள். அறிக்கையில் ‘சடன்’ என்று இருக்கிறதா, ‘கிராஜுவல்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். திடீரென்று குழாய் உடைந்ததற்குப் பணம் தரும் ஒப்பந்தங்கள், நெடுநாள் மெதுவாகக் கசிந்ததற்குத் தருவது அரிது. உங்களுடையது திடீரென்று நடந்தது. அப்படியே எழுதியிருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை எறிய வேண்டிய பொருட்களையும் படமெடுத்து, ஒரு துண்டாவது வைத்திருங்கள்.

கடைசி வரியில் ‘பி.ஆர்.வி.’ அல்லது ‘கிளியரன்ஸ்’ என்று இருக்கும். வேலை சரியாக முடிந்ததா என்று பார்ப்பது. வேலை செய்த நிறுவனமே தனக்குத் தான் சான்றிதழ் கொடுத்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. வேறொருவரை ஒரு மணி நேரத்துக்கு வரவழைத்து, கண்ணால் பார்த்து, முகர்ந்து, அதே புள்ளிகளில் ஈரம் அளக்கச் சொன்னால் போதும்.

உங்கள் அறிக்கையில் இல்லாத ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்வீட்டுக் குழாய்களை மறைக்கப் பேன்ட்ரியில் தட்டைச் சீட் சீலிங் அடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டடம் பழையதென்றால் அது அஸ்பெஸ்டஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் ஊரில் அந்தச் சீட் வெகுகாலம் தாராளமாகப் புழங்கியது. முழுதாக இருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. நனைந்து தொங்கும் சீட்டைச் சுத்தியலால் உடைப்பதும், கறையைக் காய்ந்த மணல்தாளால் தேய்ப்பதும்தான் ஆபத்து. அந்த நார்கள் ஹெப்பா மெஷின் வருவதற்கு முன்பே வீடெல்லாம் பரவிவிடும். ஆகவே வேலை தொடங்கும் முன் சீட் எந்த வகை என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்கி, பொலித்தீனில் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.